ஜிகினா செருப்பும் மளிகைச் சீட்டும்

ஜெர்சி சிட்டிக்கு வந்து இறங்கிய மூன்றாம் நாள் அம்மா என் அலமாரியைத் திறந்துவிட்டாள்.

“இந்த ஊர்ல பழைய பேப்பர்காரன் வரமாட்டானா?” என்று மருமகளைக் கேட்டாள்.

“வரமாட்டான் அத்தை. உங்க பிள்ளையே தேடிப் போய் வாங்கிட்டு வந்துடுவார்.”

மாமியாரும் மருமகளும் சேர்ந்து சிரித்த அபூர்வக் காட்சி அது. அதற்கு நான்தான் காரணம் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். வேறு வழி?

அலமாரியில் இருப்பவை பழைய ஹாலிவுட் இசைப்படங்கள், பிராட்வே இசை நாடகங்கள் இவற்றின் மிச்சம் மீதிகள். எல்லாம் காகிதம். நடிகைகள் உடுத்திய கவுன், போட்ட தொப்பி என்று சேர்ப்பவர்களும் உண்டு; அவர்களுக்குச் சொந்த விமானமும் இருக்கும். எனக்குக் கட்டுப்படியாவது பிளேபில். பிராட்வேயில் நாடகம் பார்க்க நுழையும்போதே கையில் திணிப்பார்களே, நெற்றியில் மஞ்சள் பட்டை போட்ட சின்னப் புத்தகம், அதுதான். 1884-இல் தொடங்கிய சமாசாரம். இன்றைக்கும் காசு கிடையாது.

“அவன் சும்மா குடுத்ததை நீங்க பன்னிரண்டு டாலருக்கு வாங்கியிருக்கீங்க” என்பாள் மனைவி. சும்மா கொடுத்ததால்தான் அதற்கு விலை என்பது அவளுக்குப் புரிவதில்லை. சும்மா வந்ததை யார் பத்திரப்படுத்துவார்? நாற்காலிக்கடியில் போட்டுவிட்டுப் போவார்கள். தப்பிப் பிழைத்தது கொஞ்சம்.

அதிலும் என்னைக் கிறங்கடிப்பது புத்தகமல்ல, அதற்குள் செருகியிருக்கும் துண்டுச் சீட்டு. முக்கிய நடிகருக்கு உடம்பு சரியில்லையென்றால், இன்றைக்கு அவருக்குப் பதில் இன்னார் நடிக்கிறார் என்று அச்சடித்துச் செருகிவிடுவார்கள். ஜனங்கள் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். நான் உண்டியல் திறந்த மாதிரி பார்ப்பேன். 1954-இல் ‘தி பஜாமா கேம்’ நாடகத்தில் கேரல் ஹேனிக்குக் கால் பிசகிவிட, மாற்று நடிகையாக இருந்த ஒரு பெண் மேடையேறினாள். பார்க்க வந்த தயாரிப்பாளர் ஹால் வாலிஸ் அவளைச் சினிமாவுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். அவள்தான் ஷர்லி மெக்லேன். அந்த நாளைய சீட்டு ஒன்று எங்காவது ஒரு பாட்டியின் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது என்ற நம்பிக்கையில்தான் நான் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிக்கிறேன்.

நம்பிக்கை மட்டும் போதாது, கொஞ்சம் அறிவும் வேண்டும் என்று எனக்குப் புகட்டியது ஒரு போஸ்டர். ‘சிங்கிங் இன் தி ரெயின்’, 1952. ஒரு வியாபாரி குழலுக்குள் சுருட்டி வைத்திருந்தார். பிரித்தார். ஒரு கோடு இல்லை, ஒரு கசங்கல் இல்லை. ‘எழுபது வருஷமாக இப்படிப் பாதுகாத்திருக்கிறார்களே!’ என்று மெய்சிலிர்த்து, காருக்கு டயர் மாற்ற வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டில் மேசைமேல் விரித்தபோது அம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பார்த்தாள்.

“மடிப்பே இல்லையேப்பா. இது புதுசாச்சே.”

“பழசும்மா. 1952.”

“பழசுன்னா மடிச்சு வச்சிருப்பாங்கல்ல? என் கூறைப்புடவையையே வருஷத்துக்கு ஒருதரம் மடிப்பை மாத்தி மாத்தித்தானே வைக்கிறேன். இல்லேன்னா அந்த இடத்துல இத்துப்போயிடும்.”

அம்மாவுக்குப் போஸ்டரைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு, விவரம் தெரிந்த ஒருவரிடம் அடுத்த வாரம் காட்டினேன். அவர் போஸ்டரைப் பார்க்கவேயில்லை; டேப்பைத்தான் எடுத்தார். அந்தக் காலத்துத் தியேட்டர் போஸ்டர் 27-க்கு 41 அங்குலம். என்னுடையது 24-க்கு 36. அப்போதெல்லாம் அச்சானதும் மடித்துத்தான் தியேட்டர்களுக்கு அனுப்புவார்கள். 1980-கள் வரை அதுதான் வழக்கம், சுருட்டியது அபூர்வம். கீழ் மூலையில் வருஷத்தைக் காட்டும் எண் இருக்க வேண்டும். மறுவெளியீடு என்றால் அதற்குமுன் ஆர் எழுத்து. என் போஸ்டரின் கீழ் மூலையில் ஒன்றுமே இல்லை, வழவழவென்று இருந்தது. கல்லூரி விடுதிச் சுவரில் ஒட்டுவதற்கென்று அடித்த மறுபதிப்பு.

மூன்று நாள் நான் அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா ஒன்றும் கேட்கவுமில்லை. நாலாம் நாள், “டயர் மாத்திட்டியாப்பா?” என்றாள்.

போஸ்டர் கைவிட்டதும் கையெழுத்துக்குத் தாவினேன். அது இன்னும் பெரிய படுகுழி. ஸ்டுடியோக்களுக்கு ரசிகர் கடிதம் மூட்டைமூட்டையாக வரும். நட்சத்திரங்கள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் படம் எப்போது எடுப்பது? செயலாளர்கள் போட்டுத் தள்ளுவார்கள். ஜீன் ஹார்லோவுக்கு அம்மாவே போட்டுவிடுவார். 1937-இல் இருபத்தாறு வயதில் இறந்துபோன அந்த நடிகையின் பெயரில் இன்று புழங்கும் படங்களில் பெரும்பாலானவை தாயார் கையெழுத்து. அசலுக்கும் அம்மா போட்டதற்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். பெற்றவள் போட்ட கையெழுத்தைப் போலி என்று சொல்வது எனக்கு ஏனோ ஒப்பவில்லை. எங்கள் வீட்டில் நிலைமை தலைகீழ். எட்டாம் வகுப்பு ரேங்க் கார்டில் அம்மாவின் கையெழுத்தை நானே போட்டேன். கணக்கில் முப்பத்தொன்று. இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ராத்திரி தூக்கம் வராத அம்மாவுக்கு நான் கதை சொல்ல ஆரம்பித்தேன். அவளுக்கு மிகவும் பிடித்தது செருப்புக் கதை. 1939-இல் வந்த ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் ஜூடி கார்லண்ட் போட்ட சிவப்புச் செருப்பு. மூலக்கதையில் அது வெள்ளி. டெக்னிகலரில் எடுப்பாகத் தெரியட்டும் என்று சிவப்பாக்கினார்கள். 1970-இல் எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது ஒரு ஜோடி 15,000 டாலருக்குப் போனது. வேறொரு ஜோடி மினசோட்டாவில் ஜூடி கார்லண்ட் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தில் இருந்தபோது, 2005-இல் திருட்டுப்போனது. திருடியவன் அதில் பதித்திருப்பது நிஜ மாணிக்கம் என்று நினைத்துவிட்டான்!

“அப்ப அது மாணிக்கம் இல்லையா?”

“ஜிகினாம்மா. சமிக்கி தச்சது.”

“அட பாவமே!” அம்மாவின் அனுதாபம் முழுக்கத் திருடன் பக்கம் சாய்ந்துவிட்டது.

2018-இல் எஃப்.பி.ஐ. அதைக் கண்டுபிடித்து, அசலா என்று ஒத்துப்பார்க்க வாஷிங்டன் ஸ்மித்சோனியனுக்குக் கொண்டுபோனது. அங்கே 1979 முதல் இன்னொரு ஜோடி இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால், இங்குள்ள இடதுக்கு அங்குள்ள வலது ஜோடி. எந்தக் காலத்திலோ மாறிப்போயிருக்கிறது.

“கல்யாண மண்டபத்துல இதானே நடக்குது” என்றாள் அம்மா. துப்பறிவாளர்களையும் நிபுணர்களையும் ஒரே வரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

திருட்டுப்போய் மீண்ட ஜோடி 2024 டிசம்பரில் ஏலம் போனது. கட்டணமெல்லாம் சேர்த்து 3 கோடியே 25 லட்சம் டாலர். அதைச் சொன்னதும் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கும் தூக்கமில்லை.

அதே 1970 ஏலத்தில் நடிகை டெபி ரெனால்ட்ஸ் உடைகளை வாரிக் குவித்தார். ‘சிங்கிங் இன் தி ரெயின்’ நாயகியேதான். அருங்காட்சியகம் கட்ட நாற்பது வருஷம் அலைந்து, முடியாமல், 2011-இல் ஏலம் விட்டார். மர்லின் மன்றோவின் பறக்கும் வெள்ளை கவுன் ஏலத்தில் 46 லட்சம் டாலருக்குக் கேட்கப்பட்டது. டெபியைச் சொல்லித்தான் நான் மனைவியிடம் தைரியமாக வாதாடுவேன். கூடவே இன்னொன்றும்: அதே எம்.ஜி.எம். தன் இசைப்படங்களின் வாத்தியக் குறிப்புகளை இடத்தை அடைக்கிறதென்று குப்பையில் கொட்டியது. பிறகு ஜான் வில்சன் என்ற ஆங்கிலேய இசை நடத்துநர், படங்களின் ஒலித்தடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஸ்வரம் ஸ்வரமாக எழுதி எடுக்க வேண்டியிருந்தது.

“அவங்க தூக்கிப் போட்டது சங்கீதம். நான் தூக்கிப் போடச் சொல்றது உங்க ‘மை ஃபேர் லேடி’ ரெக்கார்டுல ரெண்டை. மூணு எதுக்கு?”

நியாயமான கேள்விதான். 1956-இல் வந்த அந்த இசைத்தட்டு அத்தனை லட்சம் விற்றதால் இன்றைக்குச் சீந்துவாரில்லை. எந்தப் பழைய சாமான் கடையிலும் ஒரு டாலர். அட்டையில் அல் ஹிர்ஷ்ஃபெல்ட் படம்: மேகத்தில் உட்கார்ந்து பெர்னார்ட் ஷா கயிறு இழுக்க, அதில் ஆடும் ரெக்ஸ் ஹாரிசன் கீழே ஜூலி ஆண்ட்ரூஸை ஆட்டுவிப்பார். அதை அந்த விலைக்கு விட்டுவிட்டு வர எனக்கு மனம் வருவதில்லை, அவ்வளவுதான். அம்மாவுக்கு ‘மை ஃபேர் லேடி’ சினிமாவைப் போட்டுக் காட்டினேன். ஆட்ரி ஹெப்பர்ன் வாயசைக்க, பாட்டுகளைப் பெரும்பாலும் பாடியவர் மார்னி நிக்சன். படத்தில் அவர் பெயரைப் போடவில்லை.

“நம்ம ஊர்ல சுசீலா பேரைப் போடுவாங்களே. இதுல ஒளிக்க என்ன இருக்கு?” என்றாள். பதில் தெரியவில்லை.

ஆறு மாதம் முடிந்து அம்மா கும்பகோணத்துக்குத் திரும்பினாள். அதற்குப் பிறகுதான் கவனித்தேன். ஒரு பிளேபிலுக்குள் இருந்த மாற்று நடிகர் சீட்டு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. இழுத்தேன். பின்பக்கம் நீல மையில், சாய்ந்த எழுத்தில்: புளி, கட்டிப் பெருங்காயம், குண்டு மிளகாய், விளக்குத் திரி. அடியில், ‘கேட்டுப் பார்க்கவும்: நார்த்தங்காய்.’

சாதாரணமாக என்றால் நான் அலறியிருக்க வேண்டும். பேனா பட்ட காகிதம் பாதி விலைகூடப் போகாது. நான் ஒரு பாலியெஸ்டர் உறையை எடுத்து, அமிலம் இல்லாத அட்டை வைத்து, எழுதிய பக்கம் தெரியும்படி செருகினேன். மனைவி பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நார்த்தங்காய் கடைசிவரை கிடைக்கவில்லை என்பதை மட்டும் நினைவுபடுத்தினாள்.

ராத்திரி அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுச் சீட்டைக் காட்டினேன்.

“ஐயோ, அது உன் சாமானா? தெரியாம எழுதிட்டேன்ப்பா.”

“பரவாயில்லம்மா. கீழ ஒரு கையெழுத்து மட்டும் போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.”

“அதுக்கென்ன, நீயே போட்டுக்கோ” என்றாள் அம்மா. “எட்டாங்கிளாஸ் ரேங்க் கார்டுல போட்டியே, அந்த மாதிரி.”