கடைசிக் கடை மேல உனக்கென்னல கோவம்?

ஏல பேராண்டி, மூஞ்சிய ஏன் இப்படித் தொங்கப் போட்டிருக்க? 'தி வேர்ல்ட்ஸ் எண்ட்' சரியில்லையாக்கும்? முத ரெண்டு படத்துக்கும் கட்டில்ல உருண்டு சிரிச்சவன், மூணாவதுக்குப் "பழைய மாதிரி இல்ல தாத்தா"ன்னு உதட்டைப் பிதுக்குத. எனக்கு இங்கிலீசு தெரியாது. நீ ஒவ்வொரு வசனமாத் தமிழ்ல சொல்லச் சொல்லத்தான் மூணையும் பாத்தேன். நான் புரிஞ்சுக்கிட்டது தப்புன்னா அந்தத் தப்பும் உன் கணக்குலதான் சேரும், பாத்துக்கோ.

எட்கர் ரைட்டுன்னு ஒரு டைரக்டரு. சைமன் பெக்குன்னு ஒல்லி, நிக் ஃப்ராஸ்டுன்னு குண்டு. 2004-ல 'ஷான் ஆஃப் தி டெட்', 2007-ல 'ஹாட் ஃபஸ்', 2013-ல இது. மூணுலயும் கார்னெட்டோ ஐஸ் தலைகாட்டுதுன்னு அதுவே தொடருக்குப் பேராப் போச்சு. பொணம் எந்திரிச்சு நடக்க படத்துக்குச் சிவப்பு, போலீஸ் படத்துக்கு நீலம், வேத்துக்கிரகத்துப் படத்துக்குப் பச்சை. மத்தபடி கதை வேற, ஊரு வேற, ஆளுக பேரு வேற. பெறவு எதை வச்சுல ஒண்ணோட ஒண்ணை அளக்கது? நீ ஐஸை வச்சு அளந்துட்ட போலுக்கு.

நான் எதை வச்சு அளந்தேன் தெரியுமா? பப்பை வச்சு. நமக்குக் குடிக்காட்டாலும் கடைய அளக்கத் தெரியும்லா. முத படத்துல ஊரே பொணமாத் திரியும்போது, ஷான் ஆத்தாவையும் காதலியையும் இழுத்துக்கிட்டு ஒளியப் போற எடம் வின்செஸ்டர் பப்பு. கோட்டை மாதிரி நினைக்கான். ரெண்டாவதுல, லண்டன்ல இருந்து கிராமத்துக்குத் தூக்கி அடிச்ச போலீஸ்காரன் பப்புக்குள்ள உக்காந்து பழச்சாறு உறிஞ்சுதான், நாம சிரிச்சோம். மூணாவதுல அதே பப்பு ஒருத்தனை முழுங்கப் பாக்கு. நீ ரோபோ எத்தனைன்னு எண்ணிக்கிட்டு இருந்திருப்ப.

அந்த கேரி கிங்கை நல்லாப் பாத்தியா? 1990-ல பள்ளிக்கூடம் முடிச்ச ராத்திரி, நியூட்டன் ஹேவன்ல அஞ்சு பயலுவ 12 பப்பையும் ஒரே மூச்சுல முடிக்கக் கிளம்புதானுவ. முடியல. இருபது வருசம் தாண்டிப்போச்சு. நாலு பேரு வேலை, வீடு, தொந்தின்னு ஆயிட்டானுவ. இவன் மட்டும் அதே கருப்புக் கோட்டு, அதே காரு, அதே ராத்திரி. ஆத்தா செத்துப்போனான்னு கூசாமப் பொய் சொல்லி வக்கீல் ஆண்டியக் கிளப்பிக் கொண்டு வாரான். பேரு பொருத்தத்தைப் பாரு: இங்க ராசாதான் ஆண்டி, ஆண்டிதான் வசதியா இருக்கான்! ஊருசனம் பூரா நீல ரத்தம் ஓடுத பொம்மையா மாறிக் கிடக்கு. அதுகூட கேரிக்கு ஒரு பொருட்டில்ல. அடுத்த கடை எங்கன்னு நிக்கான்.

ஊரு பழைய மாதிரி இல்ல, கூட்டாளி பழைய மாதிரி இல்லன்னுதான் அவனுக்குக் கொறை. ஏல, நீயும் அதையேதான சொல்லுத? படம் ஒன்னரை மணி நேரத்துக்கு மேல உன்னையப் பாத்துத்தான் சிரிச்சிருக்கு. நீ என்னடான்னா சிரிப்பே வரலங்க.

முத ரெண்டுலயும் குண்டன்தான் வெளையாட்டுப் பிள்ளை, ஒல்லி பொறுப்பு. இங்க மாத்திப் போட்டுட்டானுவ. ஆண்டி பப்புல வந்து தண்ணி கேக்கான், அதுவும் பச்சத்தண்ணி. கடைசிக் கடையில கேரியோட கையில கட்டும் ஆஸ்பத்திரிப் பட்டையும் தெரியுத எடத்துல நீ சட்டுன்னு மொழிபெயர்க்கதை நிப்பாட்டிட்ட. நானும் கேக்கல. அந்த ஒல்லி தனக்கே குடிப்பழக்கம் இருந்ததை 2018-ல வெளிப்படையாச் சொன்னான்னு நீதான சொன்ன? அப்ப அந்த எடத்துல நடிப்பு எவ்வளவு, நெசம் எவ்வளவுன்னு யோசிச்சியா?

கொறையே இல்லன்னு சொல்லமாட்டேன். சண்டை சாஸ்தி. கையைப் பிச்சு, காலைப் பிச்சு, தலையத் திருகி எறிஞ்சு, மூணாவது தரம் வாறப்ப நான் வெத்தலை போடப் போயிட்டேன். உலகம் அழிஞ்ச பெறவு வாற கதையையும் பஸ்ஸு பிடிக்கப் போறவன் மாதிரி அவசர அவசரமாச் சொல்லி முடிக்கான். சிரிப்புன்னு மட்டும் பாத்தா போலீஸ் படம்தான் ஒசத்தி, ஒத்துக்கிடுதேன். ஆனா மறுநா காலைல பல்லு வெளக்கும்போது மனசுல நின்னது இந்தப் படந்தான்.

அதே 2013-ல அமெரிக்காக்காரனும் 'ஹேங்ஓவர்' மூணாம் பாகம் விட்டான். முதல்ல லாஸ் வேகாஸ்ல ஆளைத் தொலைச்சான். ரெண்டாவதுல அதையே பாங்காக்ல தொலைச்சான். "அச்சு அசல் அதே கதை"ன்னு நீதான் வைத. மூணாவதுல கதைய மாத்தினான். "இது ஹேங்ஓவரே இல்ல"ன்னு அதுக்கும் வைத. உனக்குப் பொண்ணு பாக்கப் போற தரகன் பாடு திண்டாட்டந்தான்.

இன்னைக்கு ராத்திரி மறுபடியும் போடு. பச்சை ஐஸ்காரன் எப்ப வருவான்னு காத்துக் கெடக்காத. வெறும் காயிதந்தான் பறந்து வருது, தின்ன ஒண்ணும் இல்ல. முத ரெண்டு கடைக்குள்ளயும் நொழையும்போது கடை எப்படி இருக்குன்னு பாரு, அச்சுல வார்த்த கணக்கா ரெண்டும் ஒண்ணுபோல இருக்கும். 'ரெண்டு தலை நாய்'ங்கிற கடையில எரட்டைப் பிள்ளைகளோட மல்லுக்கட்டுதானுவளா, பாரு. போர்டுலயே கதைய எழுதித் தொங்கவிட்டிருக்கான் அந்த ரைட்டு. சண்டை வந்தா நீ தூங்கு, முடிஞ்சதும் நான் எழுப்புதேன். ஆனா ஆஸ்பத்திரிப் பட்டை எடத்துல மட்டும் வசனத்தை முழுங்காமச் சொல்லணும், ஆமா.