மேலே போன எண்கள்

ரொறன்ரோ ஸ்கோஷியாபாங்க் அரங்கின் கடைசி வரிசை. மேப்பிள் லீவ்ஸ் ஹொக்கி ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் இருக்கிறது. இளைப்பாறிய கணக்காளரான பெரியப்பாவுக்குக் கண் கூரையிலேயே. பக்கத்தில் நீல ஜேர்சியோடு பெறாமகன்.

பெரியப்பா: மகன், உந்தத் தொங்குற சீலையள் என்ன?

பெறாமகன்: பெரிய ஆட்டக்காரரின்ர பேரும் எண்ணும், பெரியப்பா. அந்த எண்களை ஓய்வுக்கு அனுப்பியாச்சு. இனி லீவ்ஸில ஒருத்தரும் போடேலாது. எல்லாமாய் 13 எண்.

பெரியப்பா: போடேலாதோ? உன்ர முதுகில 13 கிடக்கு. அதுவும் மேல தொங்குதே.

பெறாமகன்: அது மாட்ஸ் சுண்டினின்ர. விளையாடுறவைதான் போடேலாது, ரசிகர் போடலாம். கீழ கடையில விக்கினம்.

பெரியப்பா: விளங்குது. ஐஸில ஓய்வு, கடையில ஓவர்ரைம்.

பெறாமகன்: பகிடி விடாதேங்கோ. இந்த வழக்கம் தொடங்கின கதை தெரியுமே? 1933 டிசம்பர் 12, பொஸ்ரன். எடி ஷோர் பின்னால வந்து இடிச்சதில எங்கட ஏஸ் பெய்லி விழுந்து மண்டை உடைஞ்சுது. அந்தக் காலத்தில ஹெல்மெற் போடுறவை அருமை. சாகப்போறார் எண்டே நினைச்சவை. பிழைச்சிட்டார், ஆனா ஆட்டம் அதோட முடிஞ்சுது. 1934 பெப்ரவரி 14 அவருக்குக் காசு சேர்க்க ஓர் ஆட்டம் வைச்சு, அண்டைக்கே அவரின்ர 6ஐ ஓய்வுக்கு அனுப்பினவை. தேசிய ஹொக்கி லீக்கில அதுதான் முதல் தரம்.

பெரியப்பா: இடிச்சவன்?

பெறாமகன்: அவரும் அந்த ஆட்டத்துக்கு வந்தவர். பெய்லி கைகுடுத்தார். முழுச் சனமும் எழும்பி நிண்டு கைதட்டினதாம். ஷோரை முதலில விழுத்தினது எங்கட கிங் கிளான்சி, அந்தக் கோவத்திலதான் ஆள் மாறி இடிச்சவர் எண்டும் சொல்லுறவை. கிளான்சியின்ர 7 அந்தா தொங்குது.

பெரியப்பா: அடி வாங்கினவருக்கும் சீலை, அடி வாங்கிக் குடுத்தவருக்கும் சீலை. நடக்கட்டும். அந்த 6 பிறகு வெளியில வரவே இல்லையோ?

பெறாமகன்: வந்தது. 1968இல ரொன் எல்லிஸ் போடட்டும் எண்டு பெய்லியே கேட்டவர்.

பெரியப்பா: நல்ல மனுசன். ஓய்வுக்குப் போனதைத் தானே கூப்பிட்டு வேலைக்கு அனுப்பியிருக்கிறார். அங்கால 5 ஆற்ற?

பெறாமகன்: பில் பாரில்கோ. 1951 ஏப்ரல் 21, மொன்றியலோட இறுதி. மேலதிக நேரத்தில கோல் போட்டு ஸ்ரான்லி கப்பை எடுத்துத் தந்தார். அந்த ஓகஸ்டே அவர் மீன்பிடிக்கப் போன சின்ன விமானம் வட ஒன்ராறியோக் காட்டில காணாமல் போச்சு. கண்டுபிடிச்சது 1962இல. இடையில லீவ்ஸுக்குக் கப் இல்லை. திரும்பக் கிடைச்சதும் அந்த 1962இலதான்.

பெரியப்பா: (கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு) சரி. இந்த இரண்டுக்கும் நான் கையெழுத்து வைக்கிறன். மிச்சம் 11?

பெறாமகன்: கனகாலம் அதுக்கெல்லாம் 'கௌரவ எண்' எண்டு பேர். சீலை தொங்கும், எண்ணை மற்றவையும் போடலாம். டேவ் கியோன் அதை விரும்பேல்லை. ஓய்வு எண்டால் ஓய்வு, அரைகுறை வேண்டாம் எண்டு நிண்டவர். கழகத்தின்ர நூற்றாண்டுப் பருவத்தில, 2016 ஒக்டோபர் 15 இரவு, அவரின்ர 14ஓட சேர்த்து 11 எண்ணையும் ஒரேயடியாய் ஓய்வுக்கு அனுப்பிச்சினம். அந்தப் 11இல 17 பேர்.

பெரியப்பா: ஒரே இரவில 17 பேரோ! எங்கட ஊர்ச்சங்க ஆண்டுவிழா தோத்துது. மேடையில ஏறின ஆக்கள் எல்லாருக்கும் பொன்னாடை. அது கிடக்க, 11 எண்ணுக்கு எப்பிடி 17 பேர்?

பெறாமகன்: சில எண்ணை ரெண்டு பேர் போட்டிருக்கினம். 7 கிளான்சிக்கும் ரிம் ஹோர்ட்டனுக்கும்.

பெரியப்பா: ஆர், கோப்பிக்கடை ரிம் ஹோர்ட்டனோ? நான் ஒவ்வொரு நாளும் டபிள் டபிள் குடிக்கிறன், அவர் ஹொக்கி விளையாடினவரோ?

பெறாமகன்: பெரியப்பா! 1964இல ஹமில்ரனில முதல் கடை திறக்கேக்கையும் லீவ்ஸுக்குத்தான் விளையாடினவர். பெரிய பின்கள ஆட்டக்காரன். நாலு கப்.

பெரியப்பா: அந்த நாலிலயும் கடைசி எப்ப?

பெறாமகன்: ...1967.

பெரியப்பா: ஹோர்ட்டனின்ர கடைசியைக் கேக்கேல்லை. லீவ்ஸின்ர?

பெறாமகன்: அதுவும் அதுதான்.

பெரியப்பா: 1967இல எனக்குத் தெரிஞ்ச ஐஸ், சைக்கிள்பெட்டியில வந்த ஐஸ்பழம் மட்டும்தான். சரி, ஒரு கணக்குப் பாப்பம். ஒரு கழகத்துக்கு எத்தினை எண் இருக்கு?

பெறாமகன்: 1இலேயிருந்து 98 வரைக்கும். 99 வெய்ன் கிரெட்ஸ்கியின்ர. அதை 2000இல லீக் முழுக்க ஓய்வுக்கு அனுப்பியாச்சு.

பெரியப்பா: 98இல 13 போனால் 85. அணியில?

பெறாமகன்: 23 பேர்.

பெரியப்பா: அப்ப இன்னும் 62 எண் சும்மா கிடக்கு. ஒரு சதமும் செலவில்லாத சாமான், அதுதான் அள்ளிக் குடுக்கினம். கப் எடுக்கக் கோல்காப்பாளன் வேணும், பயிற்சியாளர் வேணும், மூளை வேணும். சீலை ஏத்த ஒரு கயிறு காணும்.

பெறாமகன்: எங்களை மட்டும் சொல்லாதேங்கோ. மினசோட்டா வைல்ட் 2000இல தன்ர முதல் பருவத்துக்கே 1ஐ ரசிகருக்கெண்டு ஓய்வுக்கு அனுப்பினது.

பெரியப்பா: அவன்தான் வியாபாரி! ரசிகனுக்கு எண், தனக்கு ரிக்கெற் காசு. ஆனா மகன், உங்கட ஆக்கள் முக்கியமான எண்ணை மறந்துபோச்சினம்.

பெறாமகன்: எது? 34ஓ? அதைப் போடுற மத்யூஸ் இன்னும் விளையாடுறாரே.

பெரியப்பா: 67. மொன்றியல்காரன் நக்கலடிக்கவும் அதுதான், ஒட்டாவாக்காரன் நக்கலடிக்கவும் அதுதான். ஒருநாள் லீவில்லாமல் வேலை செய்யுது பாவம். நிர்வாகத்துக்கு எழுதிப்போடு: அடுத்ததாய் அதுக்கு ஓய்வு குடுக்கச் சொல்லு. அதுக்குச் சீலை தேவையில்லை, ஒரு கப் காணும்.