பிள்ளைக்கு மார்க்கா, பள்ளிக்கு மார்க்கா?

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைக்கும் பொதுத் தேர்வு, அடைவுத் தேர்வு பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்.

ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு வேண்டுமா, வேண்டாமா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.
– ஆட்டோ ஓட்டுநர், திண்டுக்கல்

வேண்டாம்.

காரணம்?
– அவரேதான்

பத்து வயதுப் பிள்ளை பெயில் என்றால், அது ஐந்து வருடப் படிப்பின் முடிவு. பாடம் நடத்தியவர், பாடத்திட்டம் வகுத்தவர், பள்ளிக்கு ஆசிரியரைப் போடாமல் விட்டவர் என்று அதில் பலருக்கும் பங்கு உண்டு. பொதுத் தேர்வில் அவர்கள் எல்லோரும் பாஸ், பிள்ளை மட்டும் பெயில். 2019-இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி, 5, 8 வகுப்புகளுக்கு ஆண்டு இறுதித் தேர்வு வைத்துப் பிள்ளைகளை நிறுத்தி வைக்கவும் வழி செய்தார்கள். அதே ஆண்டு தமிழ்நாட்டிலும் இந்த வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு என்று அரசாணை வந்தது. பெற்றோரும் ஆசிரியர்களும் எதிர்த்தார்கள். 2020 பிப்ரவரி 4 அன்று அரசு அதைக் கைவிட்டது. கைவிட்டது சரி.

'ஆல் பாஸ்' போட்டதால்தான் பிள்ளைகள் படிக்காமல் போனார்கள் என்கிறார் எங்கள் ஊர்த் தலைமை ஆசிரியர். அவர் சொல்வது தப்பா?
– பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர், விருத்தாசலம்

அவருடைய கவலை நியாயம். அவர் சொல்லும் வழி உதவாது. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையை அதே வகுப்பில் அதே புத்தகத்தோடு இன்னொரு வருடம் உட்கார வைத்தால் வயது கூடும், வாசிப்பு கூடாது.

2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் இரண்டு விஷயங்களைச் சேர்த்தே சொன்னது. ஒன்று, எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்காதே. மற்றொன்று, ஆண்டு முழுவதும் தொடர்ந்து மதிப்பிடு. தமிழ்நாட்டில் 2012-13 முதல் முப்பருவ முறையும், பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் வைக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்ற கணக்கும் வந்தது இதற்காகத்தான். நாம் முதல் பாதியை எடுத்துக்கொண்டோம், சுலபமாக இருந்ததால். இரண்டாம் பாதிக்கு உழைப்பு வேண்டும்: பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று பார்த்து, அந்த வாரமே கை கொடுக்க வேண்டும். அது பல பள்ளிகளில் பதிவேட்டு வேலையாகச் சுருங்கிவிட்டது. பழியை 'ஆல் பாஸ்' மீது போடாமல், விட்டுப்போன அந்தப் பாதியைச் செய்யச் சொல்லுங்கள்.

தேர்வே கூடாது என்றால் பிள்ளைகள் கற்கிறார்களா என்று அரசுக்கு எப்படித் தெரியும்?
– ஓய்வு பெற்ற கல்வி அலுவலர், சிவகங்கை

தேர்வே கூடாது என்று நான் சொல்லவில்லை, ஐயா. எல்லாப் பிள்ளைக்கும் வைத்து, தலையில் பாஸ், பெயில் எழுதக் கூடாது என்கிறேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். 2021 நவம்பர் 12-இல் நடந்த தேசிய அடைவு ஆய்வில் 3, 5, 8, 10 வகுப்புகளிலிருந்து ஏறக்குறைய 34 லட்சம் பிள்ளைகள், 1.18 லட்சம் பள்ளிகள். நாட்டின் மொத்தப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இது சிறு பகுதி. ஆனாலும் எந்த மாவட்டத்தில் கணக்கு பலவீனம், எங்கே வாசிப்பு பலவீனம் என்று சொல்ல அதுவே போதும். அமெரிக்காவும் 1969 முதல் சில பிள்ளைகளை மட்டும் எடுத்து இதுபோன்ற ஒரு தேர்வை நடத்துகிறது. யாரும் அதற்கு டியூஷன் போவதில்லை. தனக்கு என்ன மார்க் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது.

போன வருடம் பள்ளியில் அடைவுத் தேர்வு என்று ஒன்று எழுதினான் என் மகன். மார்க்கே வரவில்லையே?
– தாய், ஓசூர்

வராது. வரவும் கூடாது. அது உங்கள் மகனுக்கு வைத்த தேர்வு அல்ல, நமக்கு வைத்த தேர்வு. மாவட்டத்துக்கு என்ன முடிவு வந்தது, அதற்கு மாவட்ட நிர்வாகம் என்ன செய்தது என்று கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புப் பாடமே வாசிக்க வரவில்லை என்று ஏசர் அறிக்கை சொல்கிறதாமே, நம்பலாமா?
– வங்கி ஊழியர், தஞ்சாவூர்

நம்புங்கள். 'பிரதம்' அமைப்பு 2005-இல் தொடங்கிய கணக்கெடுப்பு அது. தன்னார்வலர்கள் கிராமத்து வீடுகளுக்கே போய், பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்து வாசிக்கச் சொல்வார்கள். எழுத்து, சொல், சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை. கணக்கில் எண்களை அடையாளம் காண்பது, கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல். அவ்வளவுதான். 2024 அறிக்கைப்படி, இந்தியக் கிராமங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேரால்தான் அந்தக் கதையை வாசிக்க முடிந்தது.

வீட்டில் நடப்பதால் பள்ளிக்கு வராத பிள்ளையும் கணக்கில் வந்துவிடுகிறது. தன் பிள்ளை எந்த இடத்தில் திணறுகிறது என்பதைத் தாயும் பக்கத்தில் நின்று பார்த்துவிடுகிறாள். எந்த மார்க் ஷீட்டும் அவளுக்கு அதைச் சொன்னதில்லை.

'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். இதுவும் முத்திரை குத்துவதுதானே?
– ஆசிரியை, பென்னாகரம்

பிரித்த பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது, டீச்சர். 2022 ஜூனில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் நோக்கம் நல்லது: எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைக்கும் வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் வர வேண்டும். பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து பாடம் தொடங்க வேண்டும் என்பதற்காகத்தான் மூன்று நிலைகள். ஆடியில் அரும்பாக இருந்த பிள்ளை தையில் மொட்டுக்கு வந்துவிட்டால் உங்கள் பிரிப்பு சரி. பங்குனியிலும் அரும்பாகவே இருந்தால் அது முத்திரைதான். அப்போது உங்களுக்கு இன்னொரு ஆசிரியர் தேவை என்று பொருள். அதை மேலே சொல்லுங்கள், சத்தமாக.

மதிப்பீடு செய்வதைவிட அதைச் செயலியில் ஏற்றவே நேரம் போகிறது. என்ன செய்வது?
– இடைநிலை ஆசிரியர், அரியலூர்

பாடம் நடத்தும் நேரத்தைத் தின்னும் மதிப்பீடு, தான் அளக்க வந்ததையே குறைத்துவிடுகிறது. ஏற்றும் ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இதைப் பார்த்து யார், என்ன முடிவு எடுக்கப் போகிறார்? பதில் இல்லாத கட்டங்களை நீக்கச் சொல்லி உங்கள் சங்கம் பட்டியல் போட்டுக் கொடுக்கட்டும். நியாயமான கோரிக்கை.

டெக்சாஸில் மூன்றாம் வகுப்பு படிக்கும் பேரனுக்கு வாசிப்பில் '62 பெர்சென்டைல்' வந்திருக்கிறது. அறுபத்திரண்டு மார்க்தானா? கவலையாக இருக்கிறது.
– தாத்தா, கும்பகோணம்

கவலையை விடுங்கள், பெரியவரே. அது மார்க் அல்ல, வரிசை. ஒப்பிட எடுத்துக்கொண்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 62 பேரைவிடப் பேரன் மேலே இருக்கிறான். இந்த வகைத் தேர்வில் எல்லோரும் நன்றாகப் படித்தாலும் பாதிப் பேர் நடுக்கோட்டுக்குக் கீழேதான் நிற்பார்கள். கணக்கே அப்படி.

1987-இல் ஜான் கேனல் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு வேலை செய்தார். மாநிலங்களின் தேர்வு முடிவுகளைத் திரட்டிப் பார்த்தார். ஐம்பது மாநிலங்களும் 'எங்கள் பிள்ளைகள் தேசிய சராசரிக்கு மேல்' என்றன. நடக்க முடியாத காரியம். பழைய பிள்ளைகளை வைத்துப் போட்ட சராசரி, வருடா வருடம் அதே வினாத்தாள், அந்த வினாக்களுக்கே பயிற்சி என்று காரணங்கள் வெளியே வந்தன. எனவே எண்ணை ஒதுக்குங்கள். அடுத்த முறை வீடியோவில் பேசும்போது ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தமிழில் வாசித்தால் இரட்டைச் சந்தோஷம்.

தேர்ச்சி விகிதத்தைப் பார்த்து ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடாதா?
– தொழிலதிபர், கோயம்புத்தூர்

செய்து பார்த்துக் கைவிட்ட யோசனை அது. 1862-இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ கொண்டு வந்தார்: வாசிப்பு, எழுத்து, கணக்கில் இத்தனை பிள்ளைகள் தேறினால் பள்ளிக்கு இத்தனை மானியம். இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்காக வாசிப்புப் புத்தகத்தையே மனப்பாடம் செய்ய வைத்தார்கள். பிள்ளைகள் ஒப்பித்தார்கள்; வாசிக்கக் கற்கவில்லை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அங்கே அதைக் கைவிட்டார்கள். நம் சென்னை மாகாணத்திலும் உதவி பெறும் பள்ளிகளில் இதே முறையை நடத்திப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள்.

அமெரிக்காவில் ஆசிரியர்களே விடைத்தாளைத் திருத்தி எழுதினார்கள் என்று படித்தேன். உண்மையா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

உண்மை. 2002 ஜனவரியில் கையெழுத்தான 'எந்தப் பிள்ளையும் பின்தங்கக் கூடாது' என்ற சட்டம், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பு, கணக்குத் தேர்வைக் கட்டாயமாக்கியது. 2014-க்குள் நூற்றுக்கு நூறு பிள்ளைகளும் தேற வேண்டும். இலக்கைத் தொடாத பள்ளிகள் மீது நடவடிக்கை. அட்லாண்டா நகரில் 2009 தேர்வு பற்றி மாநில அரசு விசாரித்தபோது 44 பள்ளிகளில் 178 பேருக்கு முறைகேட்டில் தொடர்பு என்று 2011-இல் அறிக்கை வந்தது. தவறான விடைகளை அழித்துச் சரியானதைக் குறித்திருந்தார்கள். 2015-இல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது.

அளவுகோலோடு பெரிய லாப நஷ்டத்தைக் கட்டிவிட்டால் அந்த அளவுகோலே கெட்டுப்போகும் என்று டொனால்டு கேம்பல் என்ற அறிஞர் 1970-களிலேயே எச்சரித்திருந்தார். இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று. பொய்யாகத் தேறிய பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவையில்லை என்றாகிவிட்டது. வாசிக்கத் தெரியாதவனுக்கு 'உனக்குத் தெரியும்' என்று சான்று கொடுத்து அனுப்பினார்கள். அதைவிடப் பெரிய அநியாயம் ஒரு பள்ளியில் இல்லை.

மகளுக்கு ஐந்தாம் தரப் புலமைப் பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்துவிட்டது. அழுதபடியே இருக்கிறாள். என்ன சொல்லித் தேற்றுவது?
– தாய், யாழ்ப்பாணம்

உள்ளதைச் சொல்லுங்கள், அம்மா. அந்தப் பரீட்சை பெயர் பெற்ற பாடசாலைகளின் கொஞ்ச இடங்களையும் உதவிப் பணத்தையும் யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க வைப்பது. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு, மொழிமூலத்துக்கும் வேறு. அவள் எடுத்த அதே புள்ளி இன்னொரு மாவட்டத்தில் சித்தியாக இருக்கலாம். அப்படியானால் அந்த எண் அவளுடைய அறிவை அளக்கவில்லை. இடங்களின் பற்றாக்குறையை அளக்கிறது. பக்கத்துப் பாடசாலைகள் எல்லாம் நல்ல பாடசாலைகளாக இருந்தால் பத்து வயதுப் பிள்ளை அழ வேண்டியிராது. இரண்டு வருடம் ரியூசனுக்கு ஓடிய பிள்ளை, இந்த விடுமுறையில் விளையாடட்டும்.

வினாத்தாள் தயாரிக்கும் குழுவில் இருக்கிறேன். ஒரு யோசனை சொல்லுங்கள்.
– ஆசிரியர், சேலம்

கணக்கைக் கேட்டால் கணக்கை மட்டும் கேளுங்கள். நான்கு வரி நீளத்துக்குக் கதை சொல்லி, கடைசியில் 48-ஐ 6-ஆல் வகுக்கச் சொன்னால், வாசிக்கத் திணறும் பிள்ளை வகுத்தல் தெரிந்தும் தோற்கும். எஸ்கலேட்டர் படியை எண்ணச் சொன்னால் ஜவ்வாது மலைப் பிள்ளை என்ன செய்யும்? அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஐந்து பிள்ளைகளிடம் கொடுத்து, எப்படி யோசித்தாய் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். தவறு பிள்ளையிடமா வினாவிலா என்று அன்றே தெரிந்துவிடும்.

பெற்றோர் கூட்டத்தில் 'எத்தனாவது ரேங்க்?' என்பதைத் தவிர வேறு என்ன கேட்பது?
– மளிகைக் கடைக்காரர், உசிலம்பட்டி

மூன்று கேள்விகள். முன்பின் பார்க்காத ஒரு பக்கத்தை என் பிள்ளை தானாக வாசித்துப் பொருள் சொல்கிறதா? எந்தக் கணக்கில் தடுமாறுகிறது? அதற்குப் பள்ளியில் என்ன செய்கிறீர்கள், வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? மூன்றாவதற்குப் பதில் கிடைக்கும்வரை எழுந்திருக்காதீர்கள்.

பரீட்சைன்னா பயமா இருக்கு. தெரிஞ்சதும் மறந்து போகுது.
– நான்காம் வகுப்பு மாணவன், பழனி

தம்பி, தெரியாததைக் கண்டுபிடிக்கத்தான் டீச்சர் பரீட்சை வைக்கிறார். தெரியாததை மறைக்காதே, வட்டம் போட்டு, 'இது புரியல டீச்சர்' என்று சொல். முதலில் தெரிந்ததை எழுது, மறந்தது பிறகு வரும். வராவிட்டால் நாளைக்குக் கற்றுக்கொள்ளலாம். உனக்கு நேரம் நிறைய இருக்கிறது.

நல்ல தேர்வுக்கு ஒரே ஓர் அடையாளம் சொல்லுங்கள்.
– நூலகர், காரைக்குடி

முடிவு வந்த மறுநாள் வகுப்பில் ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும்.