இரண்டெழுத்துக் கட்டளைகளின் காலம்

நான் யூனிக்ஸ் கற்ற காலத்தில் கட்டளைகள் குட்டையாக இருந்தன; ஆனால் அடித்ததைத் திருத்தச் சரியான வழி இல்லை. இன்று ஒரு கட்டளை மூன்று வரிக்கு நீள்கிறது. அதைத் திருத்தும் வசதி ஒவ்வொரு டெர்மினலிலும் இருக்கிறது. விரல்தான் அதைத் தேடிப் போவதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் கல்லூரி லேபில் ஒரே ஒரு யூனிக்ஸ் சர்வர். அதிலிருந்து கேபிள் இழுத்து வரிசையாக டம்ப் டெர்மினல்கள். ஸ்டீபன் போர்ன் எழுதி, 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்த போர்ன் ஷெல்தான் எங்களுக்கு வாய்த்தது. மேல் அம்புக்குறியைத் தட்டினால் முந்தைய கட்டளை வராது. ஏதோ அடைப்புக்குறியும் எழுத்துமாகக் குப்பை விழும். வரியின் நடுவில் ஓர் எழுத்து பிசகினால் அதுவரை அழித்துக்கொண்டே போய் மறுபடி அடிக்க வேண்டும். “தம்பி, அடிக்கிறதுக்கு முன்னாடி மனசுல ஒரு தடவை ஓட்டிப் பாரு” என்பார் லேப் பொறுப்பாளர். ஓட்டிப் பார்த்தோம்.

காப்பிக்கு சிபி, மூவுக்கு எம்வி, லிஸ்டுக்கு எல்எஸ் என்று கட்டளைகள் இரண்டெழுத்தாய்ச் சுருங்கியது எங்களுக்கும் முந்தைய கதை. பெல் லேப்ஸில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை உருவாக்கியபோது அவர்கள் முன்னால் இருந்தது டெலிடைப் மாடல் 33. நொடிக்குப் பத்தே எழுத்து, அதுவும் காகிதத்தில். அச்சான எழுத்தை எப்படி அழிப்பது? ஹாஷ் குறி அடித்தால் அதற்கு முந்தைய எழுத்து ரத்து. அட் குறி அடித்தால் வரியே ரத்து. அந்தக் கருவியில் உழைத்தவர்கள் ஒவ்வோர் எழுத்தையும் எண்ணிச் செலவழித்தார்கள்.

அந்தக் கருவி போய்விட்டது, அதன் சாவிகள் போகவில்லை. போன மாதம் அலுவலகத்தில் ஒரு பெண் பதறிப்போய் வந்தார். “சார், சர்வர் தொங்கிடுச்சு. எதை அடிச்சாலும் வரல.” “கன்ட்ரோல்-க்யூ போடும்மா” என்றேன். அதுவரை அடித்ததெல்லாம் ஒரே மூச்சில் திரையில் கொட்டியது. சேமிக்கும் பழக்கத்தில் கன்ட்ரோல்-எஸ் தட்டியிருக்கிறார். டெலிடைப்பில் காகித நாடா ஓட்டத்தை நிறுத்தவும் மீண்டும் ஓட்டவும் இருந்த அதே சைகைகள்தான் இவை இரண்டும். கிளவுட் சர்வரிலும் அவை வேலை செய்கின்றன.

என் கைகளுக்கு விடுதலை தந்தது பாஷ். குனூ திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதிய இந்த ஷெல் 1989இல் வந்தது. கூடவே வந்த ரீட்லைன் என்ற நூலகம், வரியைத் திருத்தும் சாவிகளை ஈமேக்ஸ் எடிட்டரிடமிருந்து எடுத்துக்கொண்டது. ஈமேக்ஸோ 1976இல் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பிறந்தது. கன்ட்ரோல்-ஏ வரியின் தொடக்கத்துக்கும், கன்ட்ரோல்-ஈ முடிவுக்கும் கொண்டுபோகும். கன்ட்ரோல்-யூ கர்சருக்கு முன்னால் இருப்பதை வெட்டும். வெட்டியதைக் கன்ட்ரோல்-ஒய் திரும்பத் தரும். பாதி அடித்த பிறகு வேறொரு கட்டளை முதலில் ஓட வேண்டும் என்று தோன்றினால், வெட்டி வைத்துவிட்டு அதை ஓட்டிவிட்டு மீண்டும் ஒட்டிக்கொள்வேன். இந்த ஒன்றுக்காகவே ரீட்லைனைக் கும்பிடலாம்.

அடுத்தது ஆல்ட்-புள்ளி. நீளமான பாதை கொடுத்து ஒரு ஃபோல்டரை உருவாக்கிய கையோடு, சிடி என்று அடித்து ஆல்ட்-புள்ளி தட்டினால் அந்தப் பாதை முழுதாக வந்து நிற்கும். முந்தைய கட்டளையின் கடைசிச் சொல்லை அது எடுத்துத் தருகிறது. கன்ட்ரோல்-ஆர் பலருக்கும் தெரியும். பழைய கட்டளைகளில் தேடுவது. தெரிந்தும் மேல் அம்புக்குறியையே தட்டிக்கொண்டிருப்பவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு ஆதங்கம் என்றால், இந்தச் சாவிகள் இப்போதுதான் உண்மையிலேயே தேவைப்படுகின்றன. டாக்கர், குபர்நெட்டிஸ் கட்டளைகளின் நீளம் எம்வி காலத்தில் யாரும் கனவு காணாதது. ஏஐயிடம் கேட்டால் இன்னும் நீளமாகத் தருகிறது. நடுவில் இருக்கும் பெயரை மட்டும் நாம் மாற்ற வேண்டும். சென்னையில் தட்டும் சாவி வர்ஜீனியாவில் இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்ப 200 மில்லி நொடிக்கு மேல் ஆகிறது. இடது அம்புக்குறியை அழுத்திப் பிடித்தால், விரலை எடுத்த பிறகும் கர்சர் ஓடி இலக்கைத் தாண்டிவிடும். பிறகு வலது அம்பு, மறுபடி இடது. கன்ட்ரோல்-ஏ என்றால் ஒரே பயணம்.

வரி மிக நீண்டால் நான் கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-ஈ என்று அடுத்தடுத்துத் தட்டிவிடுவேன். முழுக் கட்டளையும் எடிட்டரில் திறக்கும். நிதானமாகப் படித்துத் திருத்தலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: எடிட்டரை மூடியதும் கட்டளை ஓடிவிடும். மனம் மாறி, சேமிக்காமல் வெளியே வந்தாலும் பழைய வரி ஓடும். வேண்டாமென்றால் எல்லாவற்றையும் அழித்து, வெறும் கோப்பாகச் சேமித்துவிட்டு வர வேண்டும்.

இப்போது பல இளைஞர்கள் டெர்மினலையே பிரவுசருக்குள்தான் பார்க்கிறார்கள். பாஷில் கன்ட்ரோல்-டபிள்யூ ஒரு சொல்லை அழிக்கும். விண்டோஸ் பிரவுசரிலோ அந்த டேபையே மூடிவிடும். ஆகவே அவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது ஆல்ட்-பேக்ஸ்பேஸ். அதுவும் சொல்லை அழிக்கும். கோப்புப் பாதையாக இருந்தால் சாய்கோட்டோடு நின்று, கடைசித் துண்டை மட்டும் எடுக்கும்.