விமான மைல் விலை நிர்ணயம்: ஏற்காட்டாரை முன்வைத்து ஓர் ஆய்வு

அடிக்கடி பறப்போருக்கு விமானக் கம்பெனிகள் வழங்கும் மைல் அல்லது புள்ளி என்னும் பொருளுக்காக, டிக்கெட்டில் ஐந்நூறோ ஆயிரமோ கூடக் கொடுப்பது தகுமா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட சிக்கல். ஓடுபாதையே இல்லாத ஏற்காட்டைக் களமாகக் கொண்டது ஏன் என்று வினவின், 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்கெனவே குடியிருப்போர் மேலும் உயரே போவதில் பற்றற்றவராக இருப்பர் என்பது எம் கருதுகோள். ஒண்டிக்கடை ரவுண்டானா அருகே மிளகாய் பஜ்ஜிக்குக் காத்திருந்தோரிடம் விசாரித்த முதல் மாலையே அக்கருதுகோள் முறிந்தது. பஜ்ஜியிலும் பற்றற்றவர் ஒருவரும் அங்கே இல்லை.

முதற்கண் தூரம். ஏற்காட்டாருக்கு அடுத்த விமான நிலையம் ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது. வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் அது மலைக்கு ஏறக்குறைய நேர் மேற்கே, பதினைந்து பதினாறு கிலோமீட்டரில் கிடக்கும். ஆனால் மலையிலிருந்து ஸ்கேல் வழியாக இறங்கியவர் எவருமில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, அடிவாரம், கோரிமேடு கடந்து, சேலத்து நெரிசலில் நின்று போனால் தூரம் இரட்டிப்புக்கும் மேல். விமானக் கம்பெனிகள் தொடக்கத்தில் மைலை அளந்ததோ, இரு நிலையங்களுக்கு நடுவே பூமிப்பந்தின்மேல் இழுக்கக்கூடிய மிகக் குறுகிய கோட்டால். அக்கணக்கில் சென்னை–சேலம் சுமார் 265 கிலோமீட்டர், அதாவது 165 மைல். ஒரு மணி நேரம் சாய்ந்து உட்கார்ந்து வருவதற்குப் புள்ளி உண்டு. அதன்பின் குடல் புரள மலையேறுவதற்கு ஒரு புள்ளியும் இல்லை. நீதி எங்கே என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருக்க விமானம் எதற்கு என்பாரும் உளர். அந்த ரயில் இரவில் சென்னையை விட்டுக் கிளம்பி, விடியுமுன் சேலத்தில் ஆளை இறக்கிவிட்டு, ஈரோட்டில் போய் நிற்கும். ஏற்காட்டுக்கு அது போவதும் இல்லை, போகவும் முடியாது. எனினும் பயணியிடம் அது விசுவாசம் எதையும் எதிர்பார்ப்பதில்லை ஆதலின், அதன்மீது எமக்கு வழக்கில்லை.

இனி வரலாறு. அமெரிக்க அரசு 1978-இல் விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை விலக்கிக்கொள்ள, கம்பெனிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விலையைக் குறைத்தன. ஆளைத் தக்கவைக்க வழி தேடிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே 1 அன்று தன் மைல் திட்டத்தைத் தொடங்கியது. போட்டிக் கம்பெனிகள் அடுத்தடுத்துப் பின்தொடர்ந்தன. காலியாகப் பறக்கவிருக்கும் இருக்கையில் ஒருவரை ஏற்றிக்கொள்வதால் கம்பெனிக்கு ஆகும் செலவு சொற்பம்; வாங்குபவர் கண்ணுக்கோ அது முழு டிக்கெட். இந்த இடைவெளியில்தான் மைல் வாழ்கிறது.

பிற்பாடு அளவுகோலே மாறியது. டெல்டா 2015-இலும் ஏர் இந்தியா 2024-இலும் தூரத்தைக் கைவிட்டு, செலவிட்ட தொகைக்கேற்பப் புள்ளி தரத் தொடங்கின. அன்றுமுதல் அதிக விலை கொடுத்தவரே அதிக தூரம் பறந்தவர். மைலின் மகிமைக்கு மேலும் ஒரு சான்று: 2020-இல் பெருந்தொற்றால் விமானங்கள் தரையில் கிடந்தபோது, யுனைடெட் நிறுவனம் தன் மைல் திட்டத்தை ஈடுவைத்து 680 கோடி டாலர் கடன் திரட்டியது. அத்திட்டத்துக்குப் போடப்பட்ட மதிப்பு, அன்றைய பங்குச்சந்தையில் யுனைடெட்டின் மொத்த மதிப்பைவிட அதிகம். விமானமும் விமானியும் சேர்ந்த கம்பெனியைவிட அதன் புள்ளிக் கணக்குப் புத்தகம் விலைபோகிறது என்றால், அந்த மதிப்பை யாரோ கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்றுதானே பொருள்? அவரைத் தேடுவோம்.

தேடுமுன் கணக்கு. புள்ளியால் வாங்கத்தக்க ஒரு டிக்கெட்டின் ரொக்க விலையை எடுத்துக்கொள்க. வரி, விமான நிலையக் கட்டணம் முதலியவற்றைப் புள்ளிக்காரரும் பெரும்பாலும் ரொக்கமாகவே கட்டவேண்டும் ஆதலின் அவற்றைக் கழிக்க. மிச்சத்தைக் கேட்கப்படும் புள்ளிகளால் வகுக்க. டிக்கெட் 4,000 ரூபாய், வரிவகை 800, கேட்பது 8,000 புள்ளி என்று வைத்துக்கொண்டால், புள்ளி ஒன்று 40 காசு. இப்பயணம் தருவது 400 புள்ளி எனின், 160 ரூபாய். புள்ளி தரும் டிக்கெட்டுக்காக நீங்கள் கூடக் கொடுத்தது 600 எனின், மேற்கொண்டு எழுத இடமில்லை.

அந்த 160-ம் முழுதாகக் கைக்கு வராது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் புள்ளி இருக்கைகள் அருகிவிடும். 8,000 கேட்ட டிக்கெட்டுக்கு 11,000 கேட்கும் உரிமை கம்பெனிக்கு உண்டு, உம்மைக் கேட்கவேண்டியதில்லை. தவிர, காலாவதி. 1820-களில் சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் இம்மலையில் காபி நட்டதிலிருந்து இங்குள்ளோர் அறிந்தது, அரபிகா நாற்று முதல் பழம் காட்ட மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும் என்பது. நாற்று நட்ட அன்றே தொடங்கிய புள்ளிக் கணக்கைத் தொடாமல் விட்டால், பல திட்டங்களில் செடி பூப்பதற்குள் புள்ளி பட்டுப்போகும். ஆகவே பாதியைக் கழித்து 80 ரூபாய் எனக் கொள்கிறோம். ஏன் பாதி, ஏன் முக்கால் அன்று என்று கேட்போர் நேரில் வருக.

இவையெல்லாம் கம்பெனி உயிரோடு இருந்தால். இவ்விடத்தில் சேலத்தாரின் அனுபவம் உலக ஆய்வாளர் எவருக்கும் கிட்டாத தரவு. 2009-இல் கிங்ஃபிஷர் சென்னையிலிருந்து காமலாபுரத்துக்குச் சிறு விமானம் விட்டது; 2011-இல் நிறுத்திக்கொண்டது; 2012 அக்டோபரில் கம்பெனியே தரையிறங்கியது. அதன் கிங் கிளப் மைல்களைச் சேர்த்தவர்களுக்கு அட்டை மட்டும் மிஞ்சியது. 2018 மார்ச்சில், சிற்றூர்களுக்கு விமானம் விடும் அரசின் உடான் திட்டத்தின்கீழ் ட்ரூஜெட் வந்தது; 2021-இல் அதுவும் இல்லை. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. இடையிடையே அந்த ஓடுபாதைக்கு நீண்ட ஓய்வு. பயணி விசுவாசமாக இருக்கவேண்டும் என்று கேட்கும் திட்டங்களைப் பற்றி, வந்து வந்து போகும் கம்பெனிகளைக் கண்ட ஊர் என்ன நினைக்கும் என்பதை வாசகர் ஊகத்துக்கு விடுகிறோம்.

எதிர்வாதம் ஒன்றைக் கூறாது விடுதல் நேர்மையன்று. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ஆம் நாள் பறப்பதை நிறுத்தியபோதும் அதன் மைல்கள் சாகவில்லை. திட்டம் தனிக் கம்பெனியாக இருந்ததால், அவ்வாண்டே இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, விமானமின்றி மைலை மட்டும் நடத்தியது. உடல் போய் ஆவி உலவியதற்குத் தத்துவ நூல்களில் சான்று உண்டு, வணிகவியலில் அரிது. மறுபுறம், 2006-இல் பறக்கத் தொடங்கிய இண்டிகோ, 2024-இல் தன் புள்ளித் திட்டத்தை அறிவிக்கும்வரை அப்படியொன்று இல்லாமலே நாட்டின் மிகப்பெரிய விமானக் கம்பெனியாகிவிட்டது. சொந்தக் காசில் பறப்பவர் எதைப் பார்த்து டிக்கெட் வாங்குகிறார் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆய்வு வேண்டியதில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அதைப் பலாப்பழ விதி எனலாம். அடிக்கடி பறந்து மேல்தட்டு அட்டை பெற்றவர்க்குப் பல கம்பெனிகள் கூடுதல் சுமை அனுமதிக்கின்றன. மலையிலிருந்து மகள் வீட்டுக்கு மிளகும் காபித்தூளும் பலாப்பழ மூட்டையும் கொண்டுபோகும் மாமனாருக்கு, கூடுதல் சுமைக்கான கட்டணம் மிச்சமாவது கண்கூடான வருமானம். ஓய்வறையில் கிடைக்கும் இலவச சாண்ட்விச்சை நாம் வருமானத்தில் சேர்க்கவில்லை.

ஆக, கூடுதல் விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கும் அந்த யாரோ யார்? களத்தில் அகப்பட்ட, பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் மாப்பிள்ளை ஒருவர் இதைத் தெளிவித்தார். டிக்கெட் கம்பெனிக் காசு. புள்ளி அவர் பெயரில். ஆயிரம் கூடினாலும் அவர் பை அசையாது. விலை ஒருவர்க்கு, பலன் இன்னொருவர்க்கு என்பதால் புள்ளித் திட்டம் செழிக்கிறது. இதை அரசுகளும் அறியும். 2002-இல் ஜெர்மனியில், அலுவல் பயணத்தில் சேர்ந்த மைல்களைச் சொந்தப் பயணத்துக்குச் செலவிட்ட விவகாரத்தில் பெர்லின் மாநில அமைச்சர் கிரெகோர் கீசி பதவி விலகினார். இந்திய நிதியமைச்சகமும், அரசுப் பயணத்தில் சேரும் மைல்களை அரசுப் பயணத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்று தன் அலுவலர்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. தனியார் கம்பெனிகள் பலவும் கண்டுகொள்வதில்லை.

இம்முடிவை எம் தகவலாளரின் மாமனாராகிய காபித் தோட்டக்காரரிடம் சரிபார்ப்புக்கு வைத்தோம். பஜ்ஜி முடியும்வரை கேட்டார்.

"அப்ப மாப்ளே, உங்க கம்பெனி கொடுக்கிற காசுல உங்களுக்குப் புள்ளி ஏறுது. சரிங்களா?"

"ஆமாங்க மாமா."

"குடும்பத்துல எல்லாரும் ஒரே கணக்குல சேர்ந்துக்கலாம்னு சில திட்டத்துல இருக்காமே."

"இருக்குங்க மாமா."

"அதுல மாமனாரைச் சேர்ப்பாங்களா?"

மாப்பிள்ளை தண்ணீர் வாங்கி வருவதாக எழுந்து போனார். விதிமுறைகளை எமக்கு அனுப்பிவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.