பார்த்துச் சொல்கிறவர்

பழைய லேப்டாப் வாங்கப் போகிற யாரும் தனியாகப் போவதில்லை. "பார்த்துச் சொல்ல" ஒருத்தரைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். அவர் வங்கியில் இருப்பார், மின்வாரியத்தில் இருப்பார், பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராகக்கூட இருப்பார், கம்ப்யூட்டர் தொழிலில் மட்டும் இருக்கமாட்டார். எந்தக் காலத்திலோ தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் தானே ரேம் மாற்றினார், அது ஓடியது. அன்றைக்குத் தெருவில் பிடித்த பெயர் இன்னும் விடவில்லை. "ஸார், பொண்ணு காலேஜ் சேர்ந்திருக்கா..." என்று நீங்கள் இழுப்பதற்குள், "சனிக்கிழமையே போயிடலாம், ஞாயித்துக்கிழமை பாதிக் கடை பூட்டியிருப்பான்" என்று சொல்லிவிடுவார். கூலி கிடையாது. டீயும் சமோசாவும் உங்கள் கணக்கு.

சென்னை என்றால் போகிற இடம் ரிச்சி தெரு. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வயர், சார்ஜர், கீபோர்டு என்று குவித்து வைத்திருக்கும் சந்துகள். பெரிய ஐ.டி. கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும் லேப்டாப்கள் லாட் லாட்டாக இங்கே வந்து இறங்கும். நம்மவர் கடைக்குள் நுழையும்போதே முகத்தில் இருந்த சிரிப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வார். நீங்கள் ஒரு மெஷினைப் பார்த்து "நல்லா இருக்கே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால், உங்கள் காலை மிதிப்பார்.

எடுத்த எடுப்பில் ஆன் செய்யமாட்டார். மூடியைத் திறந்து ஒரு மூலையைப் பிடித்து ஆட்டுவார். ஹிஞ்ச் எத்தனை தளர்ந்திருக்கிறது என்று பார்க்கிறாராம். காற்று வெளியே வரும் ஓட்டையில் மூக்கை வைத்து முகர்வார். டச்பேடைச் சுற்றி விரலால் அமுக்குவார். மேலே எழும்பியிருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. பிறகு கீபோர்டு. "டபிள்யூ, ஏ, எஸ், டி நாலும் தேய்ஞ்சிருக்கு. ராத்திரி பூரா கேம் ஆடியிருக்கான்" என்று, அந்த முகம் தெரியாத பையனின் ஜாதகத்தையே எழுதிவிடுவார். கடைத் தம்பி, "இல்ல ஸார், லேடி டாக்டர் யூஸ் பண்ணது" என்பான். இந்த ஊரில் விற்பனைக்கு வரும் பழைய கார் எல்லாம் டாக்டர் ஓட்டினது. லேப்டாப் எல்லாம் லேடி டாக்டர் வைத்திருந்தது.

அடுத்ததுதான் அவர் பரம்பரை வித்தை. சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வார்களே, அது மாதிரி பிராசஸரின் நம்பரைப் பிடிப்பார். "ஐ7 ஸார்!" என்று தம்பி நெஞ்சை நிமிர்த்துவான். "ஐ7 சரிப்பா, அதுக்குப் பின்னாடி என்ன போட்டிருக்கு?" பக்கத்தில் ஒட்டியிருக்கும் பளபள ஸ்டிக்கரை அவர் நம்புவதில்லை, ஸ்டிக்கர் தனியாகவே கிடைக்கும். திரையில் திறந்து பார்ப்பார். 2620 என்று இருக்கும். "ரெண்டாம் தலைமுறை. 2011. தோனி உலகக் கோப்பையைத் தூக்கின வருஷம். இன்னைக்கு வர்ற ஐ3 இதைத் தூக்கிச் சாப்பிட்டுடும்." தம்பி அடுத்த மெஷினை எடுப்பான்.

இந்த இடத்தில் அவரைக் கேலி செய்யக்கூடாது. விஷயம் தெரிந்த மனிதர். ஏழாம் தலைமுறைக்கும் எட்டாம் தலைமுறைக்கும் நடுவில் விலை ஏன் சட்டென்று மாறுகிறது என்று கேளுங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். போதாததற்கு, சாதாரண லேப்டாப்பில் வந்த ஐ5 ஏழில் இரண்டு கோர், எட்டில் நான்கு. இதையெல்லாம் தம்பிக்கும் சேர்த்துப் பாடம் எடுப்பார். பிறகு கறுப்புத் திரையைத் திறந்து ஏதோ தட்டி பேட்டரி ரிப்போர்ட் எடுப்பார். புதிதில் 50,000 மில்லிவாட் மணி பிடித்த பேட்டரி இப்போது 31,000-தான் பிடிக்கும். உதட்டைப் பிதுக்குவார். டிஸ்க் 10,000 மணி நேரம் ஓடியிருக்கும். "நாளைக்கு எட்டு மணி, வருஷத்துக்கு 250 நாள்... அஞ்சு வருஷம் ஆபீஸ்ல மாடா உழைச்சிருக்கு, பாவம்" என்பார். எல்லாவற்றையும் அழித்து இன்டர்நெட்டோடு மறுபடி துவக்கச் சொல்வார். பழைய கம்பெனியின் பெயர் போட்டு பாஸ்வேர்டு கேட்டால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று எழுந்துவிடுவார்.

மூடியில் பெரிய ஸ்டிக்கர் ஒட்டிய ஒன்று வந்தால் நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்ப்பார். கீழே தமிழ்நாடு அரசு முத்திரை தெரியும். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினி. "இது ஏதோ ப்ளஸ் டூ புள்ளைக்குக் குடுத்தது. உள்ள வை." அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் அவர் விலை கேட்டதே இல்லை.

வம்பு எல்லாம் கணக்கில் வருகிறது. விற்கிறவன், "புதுசுல 62,000 ஸார்" என்பான். "வாங்கின விலையை உங்க வீட்டுல சொல்லு. அதே வேலைக்கு இன்னைக்குப் புதுசு எவ்வளவு? 38,000." வாஸ்தவம்தான். பாதி போட்டு 19,000 என்பார். வாரண்டி முடிந்த மெஷினுக்கு அதுவும் ஒத்துக்கொள்ளக்கூடியதே. பிறகு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் கழித்தல் ஆரம்பமாகும். பேட்டரிக்கு 2,500. ஹிஞ்சுக்கு 1,500. எழுத்துத் தேய்ந்ததற்கு 500. "நாம வந்து போன செலவு" 200. கடைசியில் 14,300-இல் வந்து நிற்பார். பழசு என்பதற்காகத்தானே பாதி விலை? அந்தப் பாதியிலேயே பேட்டரி தேய்ந்ததும் அடங்கிவிட்டது. அதே பேட்டரிக்கு மனிதர் இரண்டு முறை கழிக்கிறார். கடைக்காரர் தரும் மூன்று மாத வாரண்டிக்கு ஒரு ரூபாய்கூடச் சேர்ப்பதில்லை. "அடக்கமே பதினேழு ஸார்" என்று கடைக்காரர் பத்தொன்பதரையிலிருந்து பதினேழரைக்கு இறங்கி வந்து, சாமி படத்தைக் காட்டிச் சத்தியம் செய்வார். பதினேழரை நியாயமான விலை. நம்மவர் எழுந்து செருப்பைத் தேடுவார். பத்தடி நடந்தால் கூப்பிடுவான் என்பது அவர் சித்தாந்தம். அண்ணா சாலை வரைக்கும் யாரும் கூப்பிடுவதில்லை.

பெண்ணுக்குக் காலேஜ் திறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். நம்மவரோ, "அன்னைக்கு உங்களுக்கு 3,000 மிச்சம் பண்ணிக் குடுத்தேனே" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் நாலு பேர் கேட்கச் சொல்லிக்கொண்டிருப்பார்.

இவரே விற்கும் நாளில் பார்க்கவேண்டும். ஐந்தாம் தலைமுறை ஐ3, திரையின் பாதுகாப்பு பிளாஸ்டிக்கைக்கூட உரிக்காதது. விலை 24,000, பேக் இலவசம். பேட்டரி அரை மணி நேரம்கூட நிற்கவில்லையே என்றால், "சார்ஜர்லயே போட்டு யூஸ் பண்ணிப் பழகுங்க, பேட்டரி தேயாது" என்பார். டிஸ்க் கரகரவென்று கத்துகிறதே என்றால், "அந்தக் காலத்து டிஸ்க் ஸார், கனத்தைப் பாருங்க" என்பார். விண்டோஸ் 11 ஏறாது என்றால், "ஏறாததே நல்லது, அப்டேட் தொல்லை இல்லை பாருங்க!" அவர் வாங்கிய விலையும் தேதி சகிதம் வரும். பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். ஹிஞ்ச், நம்பர், பேட்டரி, கம்பெனிப் பூட்டு நாலையும் அவர் பார்க்கிற மாதிரி நீங்கள் பார்க்க முடியாது. பார்த்து முடித்ததும் சமோசா வாங்க அவரை அனுப்பிவிட்டு, அவர் திரும்பி வருவதற்குள் பணத்தைக் கொடுத்து பில்லை வாங்கிவிடுங்கள்.