பாட்டி பார்த்த பேஸ்பால்

பேஸ்பால், ரவுண்டர்ஸின் பிள்ளை என்று யாராவது சொன்னால் அமெரிக்கர்களுக்கு ஒரு காலத்தில் பொல்லாத கோபம் வந்தது. இங்கிலாந்துப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்துக்கு நம் தேசிய ஆட்டம் வாரிசா என்று கேட்டு, விளையாட்டுச் சாமான் வியாபாரி ஸ்பால்டிங்கின் முயற்சியில் 1905இல் ஒரு விசாரணைக் குழுவே போட்டார்கள். 1907இல் குழு தீர்ப்புச் சொன்னது: கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரில் 1839இல் அப்னர் டபிள்டே என்பவர் கண்டுபிடித்தது இந்த ஆட்டம். ஆதாரம், ஒரு கிழவர் எழுதிப் போட்ட கடிதம். டபிள்டே பின்னாளில் ராணுவ ஜெனரல் ஆனவர். தாம் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்ததாக அவர் மூச்சுக்கூட விட்டதில்லை. வரலாற்று ஆசிரியர்கள் அந்தக் கதையை எப்போதோ தள்ளுபடி செய்துவிட்டார்கள். 1744இல் லண்டனில் வந்த ஒரு சிறுவர் புத்தகத்திலேயே பேஸ்பால் இருக்கிறது. ஆனாலும் கூப்பர்ஸ்டவுனில் 1939இல் திறந்த அருங்காட்சியகத்துக்கு இன்றைக்கும் கூட்டம் குறைவில்லை.

இந்த வழக்கை எங்கள் அம்மா காலைப் பசியாறிக்கொண்டே முடித்துவைத்தார்.

தம்பி மகனுக்குக் கூலிம் ஹைடெக் பார்க்கில் வேலை. 1996இல் அந்தத் தொழிற்பேட்டையைத் திறந்தபோது, பால்மரத்துக்குப் பதில் சிப் விளையும் என்றார்கள். விளைந்தது. பையனைக் கம்பெனி பயிற்சிக்கு அரிசோனா அனுப்பியது. அவன் ஃபீனிக்ஸ் நகரத்துச் சேஸ் ஃபீல்டு அரங்கில் உட்கார்ந்துகொண்டு வீடியோவில் கூப்பிட்டான். அவனுக்கு முதல்நாள் சாயங்காலம், எங்களுக்கு மறுநாள் காலை மணி பத்து. சுங்கைப் பட்டாணி வீட்டில் அம்மா தோசையைப் பிட்டுக்கொண்டே போனை எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா இது, ரவுண்டர்ஸ் ஆடுறாங்க?"

"பாட்டி, இது பேஸ்பால்."

"மூலைக்கு மூலை நாலு வச்சிருக்கான். ஒருத்தன் வீசுறான், ஒருத்தன் அடிச்சிட்டுச் சுத்தி ஓடுறான். ரவுண்டர்ஸ்தான்யா. ஆனா மட்டையைத் தூக்கிப் போட்டுட்டு ஓடுறானே! எங்க வாத்தியார் பார்த்தா முட்டி போட வச்சிருப்பாரு."

அம்மா சொன்னது சட்டப்படி சரி. ரவுண்டர்ஸில் மட்டையைக் கையோடு கொண்டுதான் ஓட வேண்டும். பேஸ்பாலில் கீழே போட்டுவிட்டு ஓடுவார்கள். ரவுண்டர்ஸில் நல்ல பந்து வந்தால், அடித்தாலும் அடிக்காவிட்டாலும் ஓடியே ஆக வேண்டும். இங்கே மட்டைக்காரன் நின்றுகொண்டே இருந்தான். "நிக்கிறான், நிக்கிறான், எச்சியைத் துப்பிட்டு மறுபடியும் நிக்கிறான்" என்று அம்மா நேர்முக வர்ணனை கொடுத்தார்.

அன்று எதிரணியில் ஆடியவர் ஷோஹே ஓதானி. பையன் பெருமையோடு விவரம் சொன்னான். 2024இல் ஒரே பருவத்தில் 50 ஹோம் ரன்னும் 50 பேஸ் திருட்டும் செய்த முதல் ஆள் அவர்தான். பத்து வருடத்துக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம். அம்மாவுக்கு டாலர் கணக்கு பிடிபடவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"மழை பெஞ்சா சம்பளம் உண்டா?"

பையன் விழித்தான். பால்மரம் வெட்டியவர்களின் கேள்வி அது. விடியற்காலையில் மழை பிடித்தால் பட்டை நனைந்துவிடும், வெட்ட முடியாது, அன்றைய கூலி இல்லை. கூலிமில் கண்ணாடி அறைக்குள் வேலை பார்க்கும் பிள்ளைக்கு மழையென்றால் நெரிசலான சாலை, அவ்வளவுதான். "மழை வந்தா மேலே கூரையை மூடிடுவாங்க, பாட்டி" என்றான். கேமராவைத் திருப்பி, திடலுக்கு அந்தப் பக்கம் இருந்த நீச்சல் குளத்தையும் காட்டினான். ஆட்டம் பார்க்க வந்தவர்கள் அதில் குளித்துக்கொண்டே ஆட்டம் பார்க்கிறார்கள். அம்மா தோசைக்குத் திரும்பிவிட்டார்.

அம்மா ரவுண்டர்ஸ் கற்றது பீடோங்குக்கு உள்ளே தள்ளியிருந்த தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில், ஐம்பதுகளில். வாத்தியார் எங்கோ பயிற்சிக்குப் போய்த் திரும்பும்போது இந்த ஆட்டத்தையும் கொண்டுவந்தாராம். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்று கத்தி பிடித்த பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. நாங்கள் பிறந்து ஓடித் திரிந்த அறுபதுகளின் கடைசியிலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் மேட்டு லயத்துப் பெண்களுக்கும் கீழ் லயத்துப் பெண்களுக்கும் ரவுண்டர்ஸ் நடக்கும். கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நெற்றியில் விபூதியோடு, பிள்ளையை ஆயாக்கொட்டகைக் கிழவியிடம் கொடுத்துவிட்டு வருவார்கள். நான்கு மூலைக்கும் நான்கு செருப்பு. ஜப்பான் சிலிப்பர் என்றால் காற்றுக்குப் பறக்கும் என்று மேலே ஒரு கல்.

ஆண்கள் எங்கே என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆண்கள் இருந்த இடம் தோட்டமே அறிந்தது. 1946, 47இல் கள்ளுக்கடைகளை எதிர்த்துத் தொண்டர் படை எழுந்தது இதே பீடோங் வட்டாரத்து ஹார்வார்ட் தோட்டத்தில்தான். படையை அடக்கிவிட்டார்கள், கடை மிஞ்சியது. அதனால் திடல் பெண்களுக்குக் கிடைத்தது. வரலாறு சில சமயம் இப்படியும் உபகாரம் செய்யும்.

மட்டை, ஒடிந்த காண்டாக் கம்பு. இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் கம்பு அது. ஒடிந்த துண்டைக் கையளவுக்கு வெட்டி, பிடிக்குச் சாக்குத் துணி சுற்றினால் ரவுண்டர்ஸ் மட்டை.

பந்துதான் விசேஷம். முதல் நாள் வெட்டிய கோட்டில் பால் வடிந்து முடித்ததும் மிச்சம் அப்படியே காய்ந்து, இழுத்தால் நீள நூலாக உரிந்து வரும். மறுநாள் வெட்டுவதற்கு முன் அதை உரித்துக் கூடையில் போட வேண்டும். ஒட்டுப்பால். அதற்கும் ஸ்டோரில் எடை உண்டு, சில காசு உண்டு. நாங்கள் அதில் கொஞ்சம் களவாடுவோம். கசக்கிய காகிதத்தின் மேல் அந்த நூலை இழுத்து இழுத்துச் சுற்ற வேண்டும். இழுப்பு தளர்ந்தால் பந்து சோம்பேறியாகிவிடும், இறுகினால் கூரைமேல் போய் விழும். ஆரம்பத்தில் வெள்ளை, ஒரு வாரத்தில் பழுப்பு, பிறகு கறுப்பு. நாற்றம் குடலைப் பிடுங்கும். எந்தப் பந்தும் முழு உருண்டையாக இருந்ததில்லை. தரையில் குத்தினால் எந்தப் பக்கம் போகும் என்று பந்துக்கே தெரியாது. கம்பெனிச் சொத்தைத் திருடியதாக மண்டோர் எங்கள் பந்துகளைப் பறிமுதல் செய்து ஒட்டுப்பால் மூட்டையில் போட்டதும் உண்டு. நாங்கள் ஆடிய பந்து எந்தக் காருக்கு டயராகப் போனதோ.

இதைக் கேட்டு அமெரிக்கர்கள் சிரிக்க வேண்டியதில்லை. அவர்களுடைய பேஸ்பாலும் ஏறக்குறைய இதே வேலைதான். நடுவில் தக்கை, அதைச் சுற்றி ரப்பர், அதன்மேல் கம்பளி நூலை இழுத்துச் சுற்றி, மேலே மாட்டுத் தோல். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ஜித்ராவில் வெள்ளைக்காரனை உடைத்துக்கொண்டு கெடா வழியே தெற்கே இறங்கினான். சில வாரங்களில் மலாயா ரப்பர் முழுதும் அவன் கையில். அமெரிக்காவில் ரப்பருக்குப் பங்கீடு வந்தது. 1943 பருவத்துக்குப் பந்தின் வயிற்றில் ரப்பருக்குப் பதிலாகப் பலாட்டா என்ற மரப்பாலை வைத்துத் தைத்தார்கள். பந்து எழும்பவில்லை. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஹோம் ரன் வராததால் ஆட்டக்காரர்கள் கூச்சல் போட, சில வாரங்களிலேயே அந்தப் பந்தை மாற்ற வேண்டியதாயிற்று. அதே 1943இல்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன பல்லாயிரம் தமிழர்கள் சயாம் ரயில் பாதையில் செத்துக்கொண்டிருந்தார்கள். தாத்தாவின் தம்பி ஒருவர் அப்படி லாரி ஏறினார், திரும்பவில்லை. அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு அந்த ஏப்ரலில் விளையாட்டுக் கவலை, பந்து ஏன் குதிக்கவில்லை என்பது.

பார்ப்பதென்றால் எங்களுக்குப் பேஸ்பால் ஏது, காற்பந்துதான். எண்பதுகளில்கூட எங்கள் தோட்டத்துக்கு எஞ்சின் வெளிச்சம், ராத்திரி பத்து மணிக்கு அடங்கிவிடும். மண்டபத்தில் ஒரே டிவி. கெடா அணி 1987, 88, 89 என்று மூன்று வருடம் தொடர்ந்து மலேசியக் கிண்ண இறுதியாட்டத்துக்குப் போய், மூன்று முறையும் கோலாலம்பூரிடமே தோற்றது. ஆட்டத்தின் நடுவே விளக்கு அணையும். மிச்சத்தைப் பேட்டரி ரேடியோவில் மலாய் வர்ணனையாகக் கேட்போம். இருட்டில் தோற்பது ஒருவகையில் சௌகரியம், யார் முகமும் தெரியாது. 1990இல் எஞ்சின்காரர் மண்டபத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்று பத்து மணிக்கு எதுவும் அணையவில்லை. கெடா சிலாங்கூரை 3-1 என்று வீழ்த்திக் கிண்ணத்தை எடுத்தது. டீசல் கணக்கை மறுநாள் பெரிய கிராணியார் கேட்டார். அவரும் முன் வரிசையில் இருந்தவர் என்பதால் கேள்வி அதோடு முடிந்தது.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு திரை. அம்மா அறையில் தொடர், தம்பிக்குப் பிரிமியர் லீக், பிள்ளைகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு எதற்கோ சிரிக்கிறார்கள். மின்சாரம் போனால்தான் எல்லாரும் முன்கூடத்தில் சந்திக்கிறோம். அதுவும் வருடத்துக்கு ஓரிரு முறை, தெனாகாவின் தயவில். கெடா அணியோ சம்பளப் பாக்கியில் சிக்கி, 2025-26 பருவத்துக்கு உரிமம் கிடைக்காமல் சூப்பர் லீக்கை விட்டே போய்விட்டது. அன்று எங்களுக்கு விளக்கு இல்லை, அணி இருந்தது.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து நின்றவர்கள் அல்லர். அக்கா இடைநிலைப்பள்ளியில் சாஃப்ட்பால் ஆடினாள். ரவுண்டர்ஸ் கை என்பதால் பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பாள். அணியில் சேர்த்தார்கள். பயிற்சி முடிவதற்குள் தோட்டத்துக்குக் கடைசி பஸ் போய்விடும். அவள் ஆட்டத்தை விட்டதற்குக் காரணம் பஸ். இன்று தாமான் வாசலிலேயே கிராப் வந்து நிற்கிறது, அவள் பேத்திக்கு ஆட மனமில்லை.

எங்கள் தோட்டம் முதலில் செம்பனைக்கு மாறியது, பிறகு வீடமைப்புக்கு. ஹார்வார்ட் என்ற பெயரை இப்போது கோல்ஃப் கிளப் ஒன்று தாங்கியிருக்கிறது. செருப்பு வைத்து ஆடிய வட்டாரத்தில் காலணிக்கும் விதி உண்டு. சுங்கைப் பட்டாணித் தாமான்களில் செயற்கைப் புல் போட்ட ஃபுட்சால் கூடங்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு வருகின்றன, இருட்டினாலும் ஆடலாம். பந்து பேரங்காடியில் வலை போட்டுத் தொங்குகிறது. சீனத்துச் சரக்கு, அப்பழுக்கில்லாத உருண்டை. கையுறைத் தொழிற்சாலைகளுக்குத் தாய்லாந்திலிருந்து ரப்பர் பால் இறக்குமதி செய்யும் நாடு ஆகிவிட்டோம். ஒட்டுப்பாலைத் திருட வேண்டுமென்றால் இனி எல்லை தாண்ட வேண்டும்.

அரிசோனாப் பையன் திரும்பி வந்தபோது பாட்டிக்கு ஒரு நிஜப் பேஸ்பால் வாங்கி வந்தான். அம்மா அதைக் கையில் உருட்டி, நகத்தால் தையலை நெருடி, சிமெண்டுத் தரையில் ஒரு குத்துக் குத்தினார். சப்பென்று விழுந்து உருண்டது. "உள்ளே பால் பத்தாது" என்றார். பேஸ்பால் தரையில் குதிப்பதற்காகச் செய்ததல்ல என்று பையன் விளக்கினான். தீர்ப்பு மாறவில்லை.

டபிள்டே கதைக்காவது ஒரு குழுவும் ஒரு கடிதமும் கிடைத்தன. நம் ஆட்டங்களுக்கு அதுவும் இல்லை. பீடோங், குரூண், பாடாங் செராய், கோல கெட்டில் பக்கத்துத் தோட்டங்களில் ரவுண்டர்ஸ் ஆடிய பாட்டிமார் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். எண்பதைத் தாண்டியவர்கள். எந்த லயம், யார் யார் கட்சி, மட்டை எதில் செய்தது, எது அவுட், எது இல்லை என்று கேட்டுப் போனில் பதிவு செய்து வையுங்கள். வரும் தீபாவளிக்கு வீட்டில் எல்லாரும் கூடுவார்கள், அன்றைக்கே கேளுங்கள்.